சாம்பவி எழுதிய மூன்று வரிகள்

கோட்டைக் கழற்றி இந்த நாற்காலியிலேயே மாட்டிவிடுகிறேன் மேடம், கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. எங்கள் அலுவலகம் இருக்கும் மிசிசாகா பக்கம் இன்னும் பனி கொட்டுகிறது. உங்களுக்குத் தமிழ் வரும் என்று எங்கள் குழுவிலிருக்கும் தீப்தி சொன்னாள். அதனால்தான் யாரையும் துணைக்கு அழைக்காமல் நானாகவே வந்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. உங்கள் அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் போதும்.

மற்றபடி நல்ல அறிக்கை. வரைவை மரியோ எங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார், அவர்தான் எங்கள் குழுத் தலைவர், உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து விசாரிக்க வருகிறவர்கள் பொதுவாக எங்கள் வேலையைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். நிலத்தடி கார் பார்க்கிங்கில் சென்சர்கள் இருக்கும், காற்றில் வண்டிப் புகையின் விஷம், கார்பன் மோனாக்சைடு, ஏறினால் அவை சொல்லும், எங்கள் புரோகிராம் எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓட்டும். குளிர்காலத்தில் ஃபேன் சும்மா ஓடினால் சூடாக்கிய காற்றெல்லாம் வெளியே போய்விடும், அதனால் முடிந்தவரை நிறுத்தியே வைக்கச் சொல்வார்கள் கட்டடக்காரர்கள். இதையெல்லாம் என்னைவிடச் சுருக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஜனவரியில் இறந்தவரைப் பற்றி எழுதியதும் சரிதான். இரத்தினவேல், அந்த அடுக்குமாடியில் துப்புரவு வேலை. பார்க்கிங்கை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார். குளிரில் பேட்டரி இறங்கிப்போன ஒரு வேனை யாரோ ஸ்டார்ட் செய்து, சார்ஜ் ஏறட்டும் என்று ஓடவிட்டு மேலே போய்விட்டார்கள். அந்தத் தளத்து சென்சர் அதற்கு முன்பே செத்திருந்தது. செத்த சென்சர் கடைசியாகச் சொன்னது ‘காற்று சுத்தம்’ என்பது. எங்கள் புரோகிராம் அதையே பிடித்துக்கொண்டு ஃபேனை ஓட்டாமல் இருந்தது. சென்சர் பேசாமல் போனால் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு ஃபேனை ஓட்ட வேண்டும். அதற்கு மூன்று வரிகள் போதும். அந்த மூன்று வரிகள் புரோகிராமில் இல்லை. அந்தப் புரோகிராமை எழுதியவள் எங்கள் குழுவின் சாம்பவி.

அவ்வளவும் சரி. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாக்கியம். ‘முதலில் எழுதப்பட்ட பதிப்பில் இந்தப் பாதுகாப்பு இருந்ததா என்பதை அறிய வழியில்லை. அந்தப் பதிப்பு மீட்க இயலாதது.’

மீட்க இயலாதது. அந்தச் சொல்லைப் படித்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நான் முதலிலிருந்தே சொல்கிறேன். பல பேர் ஒரே புரோகிராமை எழுதும்போது எழுதியதைக் கொண்டுபோய் வைக்கப் பொதுவாக ஓர் இடம் வேண்டும், ரெப்போ என்போம். ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் அதன் பிரதி ஒன்று இருக்கும். நம்முடையதை அங்கே ஏற்றுவது புஷ். மற்றவர்கள் ஏற்றியதை இறக்கிக்கொள்வது புல். இடையில் வேறு யாராவது எதையாவது ஏற்றியிருந்தால், அதை இறக்காமல் நம்முடையதை ஏற்ற ரெப்போ விடாது. ஆனால் ஃபோர்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்டால் விட்டுவிடும். நம்முடையது உள்ளே போகும், மற்றவருடையது காணாமல் போகும். அவசரத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்திருக்கிறார்கள். மரியோகூட.

அப்படி நடந்தால் எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவர் எழுந்து நின்று ‘யாரும் புல் பண்ணாதீங்க’ என்று சொல்ல வேண்டும். வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் அழிந்ததன் பிரதி யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் இன்னும் அப்படியே இருக்கும். அவர் புல் செய்யாத வரைக்கும் பத்திரம்.

அந்த யாரோ ஒருவர் எப்போதும் நான்தான். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் ஒரு தடவை புல் செய்வேன். பிறகு மறுநாள் மாலைவரை தொட மாட்டேன். மற்றவர்கள் இன்றைய புரோகிராமில் வேலை செய்வார்கள், என் லேப்டாப்பில் நேற்று இருக்கும். யாரும் என்னிடம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்கே பிடித்திருந்தது. ஓர் ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கணைந்த பிறகும் ஒரு வீட்டில் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் அந்த வழியாகப் போகிறவனுக்கு எப்படி இருக்கும்? அந்த வீடாக இருப்பது எனக்குப் பிடிக்கும்.

பார்க்டேலில் தனியாகத்தான் இருக்கிறேன். ஊரில் அம்மா அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் அது பெரும்பாலும் மரியோ. “சிவா, இருக்கிறாயா? ஒன்று தொலைந்துவிட்டது.” நான் இருக்கிறேன் என்பேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். அரை மணியில் தொலைந்தது அதன் இடத்தில் இருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் குரல் மாறும் பாருங்கள், அதை விலை கொடுத்து வாங்க முடியாது.

சாம்பவி எங்களிடம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விட்பியில் புது வீடு, அம்மா, அப்பா, ஓர் அண்ணன். அங்கிருந்து மிசிசாகாவுக்குத் தினமும் காரில் வருவாள், நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. வந்து இறங்கும்போதே பேச்சும் கூடவே இறங்கும். என்னைச் சிவா அண்ணா என்பாள்.

“சிவா அண்ணா விடிய எழும்பி நேற்றைக்கு வேலைக்குப் போறவர்,” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். தீப்தி சிரித்துவிட்டு அதை மரியோவுக்கு மொழிபெயர்த்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மரியோவிடம் ஆங்கிலத்தில் ஒரு யோசனை சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “லொக் பண்ணினா முடிஞ்சுதே அண்ணா. ஒரு செட்டிங்தானே. பிறகு ஒருத்தரும் ஃபோர்ஸ் பண்ணேலாது. ஒண்டும் துலையாது,” என்றாள்.

“நல்ல யோசனை,” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமையில உங்களை எழுப்பவும் தேவையில்லை. பாவம் நீங்கள். கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோ.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் அக்கறையாகச் சொன்னாள். ரெப்போவின் சாவி என்னிடம் இருப்பதால், திங்கட்கிழமை அந்தப் பூட்டைப் போட்டுவிடும்படி மரியோ என்னிடமே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை மேடம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு கோபம் என்று எழுதத் தோன்றும்.

திங்கட்கிழமை நான் பூட்டைப் போடவில்லை. செவ்வாயும் போடவில்லை. கடைசியாக ஒரு தடவை யாராவது எதையாவது தொலைத்துவிட்டு என்னிடம் வரட்டும் என்று இருந்தேன். அது மட்டும்தான் காரணம்.

அந்த வாரம் அலுவலகத்தில் எல்லாருக்கும் லேப்டாப் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பவி தன் வேலையை முடித்து ரெப்போவில் ஏற்றிவிட்டு, பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் அதைத் துடைத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் தவறில்லை, எல்லாம் ரெப்போவில் இருக்கிறதே. அன்று மாலை வழக்கம்போல நான் புல் செய்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை தீப்தி தன்னுடையதை ஏற்றப் பார்த்தாள். ரெப்போ மறுத்தது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று ஃபோர்ஸ் சேர்த்தாள்.

தீப்தி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “யாரும் புல் பண்ணாதீங்க,” என்றாள்.

புரோகிராமின் அந்தப் பகுதியில் வேலை செய்தவர்கள் மூன்றே பேர்தான். தீப்தி, சாம்பவி, நான். சாம்பவியின் புது லேப்டாப்பில் இன்னும் ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தேன். என் லேப்டாப்பில் அவள் எழுதியது ஒரு வரி குறையாமல் இருந்தது.

சாம்பவி பதறவில்லை. காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஏன் பயப்பிடுறாய் தீப்தி? அண்ணா இருக்கிறார்தானே,” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அடுத்த கிழமை உந்தச் சோலியே இருக்காது,” என்று சேர்த்துக்கொண்டாள்.

“தீப்தி எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே, இப்பத்தான் நான் புல் பண்ணிட்டேன்,” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருடம் எதையாவது மீட்டுக் கொடுத்தபோதெல்லாம் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கொடுத்ததும் திரும்பிக்கொள்வார்கள்.

“சும்மா சொல்லாதேங்கோ அண்ணா,” என்றாள் சாம்பவி, சிரிக்க முயன்றுகொண்டு.

“நீதானே நான் நேத்திலேயே இருக்கேன்னு கிண்டல் பண்ணினே,” என்றேன். லேசாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் கொடுத்துவிடுவதாக இருந்தேன். ஒரே ஒரு நாள், நான் இல்லாவிட்டால் அந்த அறை எப்படி இருக்கும் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். பாடம் புகட்டுவது என்பது பெரிய வார்த்தை. அப்படி எல்லாம் நினைக்கவில்லை.

ரெப்போ இருக்கும் சர்வரில் பழைய துண்டுகள் எங்காவது கிடக்குமா பார் என்றார் மரியோ. கிடக்கும். யாரும் உரிமை கொண்டாடாத துண்டுகளை சர்வர் உடனே எறியாது, கொஞ்ச காலம் வைத்திருந்து பிறகுதான் கூட்டிப் பெருக்கும். நான் பார்த்தேன், சாம்பவியின் வேலை அங்கே பத்திரமாக இருந்தது. மரியோவிடம் ‘இல்லை’ என்றேன். சொன்ன பிறகு ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் சர்வரை அப்போதே பெருக்கச் சொல்லி நானே கட்டளை கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் சொன்னது உண்மையாகிவிட்டது.

உங்கள் அறிக்கையில் ‘வழக்கமான பராமரிப்பின்போது நீங்கியது’ என்று இருக்கிறதே, அது இதுதான். அதைத் திருத்த வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

மறுநாள் காலை நான் கொஞ்சம் முன்னதாகவே போனேன். சாம்பவி எனக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லை அண்ணா, அரைவாசி வந்திட்டுது. உங்களில பிழையில்லை,” என்றாள். அவளே சமாளித்துக்கொண்டிருக்கும்போது இடையில் போய் எதற்கு? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ‘யாரிட்டையாவது இருக்கோ’ என்று பொதுவாகத்தான் கேட்டார்களே தவிர, ‘உங்களிடம் இருக்கிறதா’ என்று அவள் என்னைத் தனியாகக் கேட்கவே இல்லை.

எழுதி முடித்ததைச் சரிபார்க்க என்னிடம்தான் அனுப்பினாள். நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன் அல்லவா, திரையில் ஒரு பக்கம் அவள் முதலில் எழுதிய அதையும் மறுபக்கம் இரண்டாவதாக எழுதியதையும் வைத்துப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனுஷி தன் ஞாபகத்திலிருந்து அவ்வளவையும் கொண்டுவந்திருந்தாள். சில இடங்களில் பழையதைவிட அழகாகக்கூட இருந்தது. நான் ரசித்துத்தான் படித்தேன். விட்டுப்போனது மூன்று வரிகள் மட்டும். சென்சர் பேசாமல் போனால் என்ன செய்வது என்ற அந்த மூன்று வரிகள்.

அதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

எப்படிச் சொல்வது, நீங்களே யோசித்துப் பாருங்கள். ‘இது விட்டுப்போயிருக்கிறது’ என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கெட்டிக்காரி. தவிர, சரிபார்ப்பவனின் வேலை இருப்பதைப் பார்ப்பது. இருந்ததில் ஒரு பிழையும் இல்லை. சென்சரைக் கழற்றி வைத்து மரியோ ஒரு தடவை சோதிப்பார், அப்போது தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். அவர் சோதிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

அன்று மாலை பூட்டையும் போட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தொலைக்கவில்லை. போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் மிக நீளமானவை மேடம், உங்களுக்குக் குடும்பம் இருந்தால் தெரிந்திருக்காது. என் லேப்டாப்பையும் மாற்ற வந்தார்கள். ஏதோ காரணம் சொல்லி நான் மாற்றாமலே வைத்துக்கொண்டேன். எப்போதாவது அந்தப் பழைய பதிப்பைத் திறந்து, அந்த மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இருக்கும். உலகத்தில் அது இருந்த ஒரே இடம் என் வீட்டு மேசை.

ஜனவரியில் இரத்தினவேல் இறந்த செய்தி வந்த அன்று சாம்பவி புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, நான் அதை எழுதினனான். சென்சர் கதைக்காட்டி ஃபேன் ஓடோணும் எண்டு. முதல்தரம் எழுதேக்க எழுதினனான், எனக்கு வடிவா ஞாபகம். ரெண்டாந்தரம் விட்டுட்டன் போல.”

“எழுதணும்னு நினைச்சிருப்பம்மா. நினைச்சது எழுதின மாதிரியே ஞாபகத்துல நிக்கும். எனக்கும் அப்படி ஆகியிருக்கு.”

“அப்ப நான் முதலே எழுதேல்லையோ?”

“தெரியலம்மா. பாக்கறதுக்கு அதுதான் இல்லையே.”

அவள் தலையை ஆட்டினாள். மெதுவாக, ஒத்துக்கொள்கிற மாதிரி ஆட்டினாள். தான் எழுதினோம் என்ற நிச்சயம் அவள் முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன். ஜன்னலில் மூச்சு பட்டுப் படிந்த ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருமே, அது போல. அந்த நேரத்தில் அவள் என்னைத்தான் நம்பினாள், தன்னை நம்பவில்லை. நான் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. ஆறுதலாகத்தான் பேசினேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

செத்த வீட்டுக்குப் போனாள். போகாதே என்று சொன்னோம், கேட்கவில்லை. அங்கே அந்த மனிதரின் மனைவி இவளை யார் என்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

போன வாரம் அவளுடைய அண்ணன் பிரியந்தன் என்னைத் தேடி வந்தான். அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை, அந்த உடுப்போடேயே வந்திருந்தான்.

“அவ சாப்பிடுறா இல்லை அண்ணை. அறைக்கதவைப் பூட்டவும் விடுறம் இல்லை, பயமாக் கிடக்கு. எழுதினனான் எண்டுறா, பிறகு தானே இல்லை எண்டுறா. ‘அந்தாளை நான்தான் கொன்றனான், நான் எழுதேல்லை’ எண்டு ஒரே கதை.”

“கஷ்டமா இருக்கு தம்பி,” என்றேன்.

“நான் உங்கட கொம்பியூட்டர் விசயம் தெரியாதவன். ஒண்டுதான் கேக்கிறன். அவ முதல் எழுதினது எங்கையாவது ஒரு கொப்பி இருக்காதோ? அதில அந்த வரி இருந்தா அவவுக்குக் காட்டலாம். கவனமில்லாத பிள்ளை இல்லை எண்டு அவவுக்கே தெரிஞ்சாக் காணும். உங்களிட்டை இல்லையோ அண்ணை?”

அவன் என்னைத் தனியாகத்தான் கேட்டான். அதை ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப் அப்போது என் காலடியில் பையில் இருந்தது. அவன் பாதம் அதில் பட்டதும் ‘சொறி அண்ணை’ என்று காலை இழுத்துக்கொண்டான்.

“இருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?” என்றேன்.

காப்பிக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். அவன் கேட்டபோது அந்த மனிதர் ஏற்கெனவே இறந்திருந்தார், மேடம். கொடுத்தால் அவர் எழுந்து வந்துவிடுவாரா? சாம்பவிக்கும் இது கொஞ்ச நாளில் ஆறிவிடும், இளவயதுதானே. நான் எல்லாவற்றையும் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். உங்கள் வரைவு வராமல் இருந்திருந்தால் இப்போதும் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் அதில் என்னைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். ரெப்போவின் பொறுப்பாளர் சிவராமன் தன்னால் இயன்ற எல்லா முயற்சியும் செய்தும் அந்தப் பதிப்பை மீட்க முடியவில்லை என்று. அதைப் பலமுறை படித்தேன். ஒரு மனிதனைப் பற்றி அப்படி எழுதி, மரியோவும் மற்றவர்களும் படிக்கும்படி அனுப்பிவைப்பது சரியா? இனி யார் கேட்டாலும், அவன் ஒருமுறை ஒன்றைத் தொலைத்துவிட்டான் என்றுதானே சொல்வார்கள்.

இதோ, லேப்டாப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன், நீங்களே பாருங்கள். இது அவள் முதலில் எழுதியது. மேலே அவள் பெயர், அன்றைய தேதி. இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். அதோ, அந்த மூன்று வரிகள். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறாள், ஆங்கிலத்தில். ‘சென்சர் மௌனமாக இருந்தால், கீழே ஒரு மனிதர் இருப்பதாக வைத்துக்கொள்.’

அழகாக எழுதுவாள்.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள் என்று தெரியவில்லை. போன் செய்வதென்றால் செய்யுங்கள், நான் இருக்கிறேன். அதற்கு முன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள். விரும்பினால் சாம்பவிக்கும் சொல்லியனுப்புங்கள், அவளுடையது பத்திரமாக இருக்கிறது என்று. என் கைக்கு வந்த எதையும் நான் இதுவரை தொலைத்ததில்லை.